கணக்குப் பார்ப்பது அவிசுவாசமா?

கேள்வி: என் கணவர் ஒரு தனியார் ஆலையில் கணக்கராக இருக்கிறார். எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள்; மூத்தவள் பத்தாம் வகுப்பு. வீட்டுக் கடன் பாதிகூட அடையவில்லை. இங்கிலாந்தில் அநாதை இல்லங்கள் நடத்திய ஊழியர் ஜார்ஜ் முல்லரின் வாழ்க்கை வரலாற்றை வாசித்ததிலிருந்து, வருகிற புத்தாண்டோடு வேலையை விட்டுவிட்டு, சம்பளமில்லாமல் தேவனையே நம்பிச் செய்யும் விசுவாச ஊழியத்துக்குப் போக வேண்டும் என்று இவர் உறுதியாக இருக்கிறார். வருங்கால வைப்பு நிதியை எடுத்து ஒலிபெருக்கிச் சாதனங்கள் வாங்கப் போவதாகவும் சொல்கிறார். கடனை எப்படிக் கட்டுவது என்று நான் கேட்டேன். எங்கள் வீட்டு உபவாச ஜெபத்துக்கு வந்திருந்த ஊழியர் ஒருவர், “சகோதரி, உங்கள் சுயம் இன்னும் சாகவில்லை” என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அன்று இரவு முழுவதும் அழுதேன். அவர் சொன்னது உண்மைதானோ என்ற பயம் இன்னும் போகவில்லை.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, கடனை எப்படிக் கட்டுவது என்று கேட்டது அவிசுவாசம் அன்று. சுயத்தை, அதாவது தன் விருப்பத்தையே முதலிடத்தில் வைக்கும் மனதை, வெறுப்பதைப் பற்றி ஆண்டவர் மிகக் கடுமையாகப் பேசிய பகுதிகளில் ஒன்று லூக்கா 14ஆம் அதிகாரம். தன் ஜீவனையும் வெறுக்காதவன், தன் சிலுவையைச் சுமக்காதவன் எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான் என்று சொன்ன அவர், அதே மூச்சில், கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானோ என்று கேட்கிறார். சிலுவையையும் செலவுக் கணக்கையும் அவரே அருகருகே வைத்திருக்கும்போது, கணக்குக் கேட்டவருடைய சுயம் சாகவில்லை என்று தீர்ப்புச் சொல்ல அந்த ஊழியருக்கு எந்த அதிகாரமும் இல்லை.

ஒருவன் என் பின்னே வர விரும்பினால் தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு வரட்டும் என்பதே அழைப்பு. அவரவர் சிலுவையை அவரவர் எடுக்க வேண்டும். கணவன் தன் அழைப்பின் பாரத்தை மனைவியின் தோளில் இறக்கிவைத்துவிட்டு, அவள் தடுமாறும்போது அவளுடைய ஆவிக்குரிய நிலையைக் குறை சொல்வதற்கு இந்த வசனத்தில் இடமில்லை. “கிறிஸ்துவுடனேகூடச் சிலுவையிலறையப்பட்டேன்” (கலாத்தியர் 2:20) என்று பவுல் எழுதிய சூழலையும் கவனியுங்கள். அந்தியோகியாவில், யூதரல்லாத புறஜாதி விசுவாசிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபையின் தலைவரான யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டபோது, பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாக நேருக்கு நேர் கடிந்துகொண்டார். அந்தச் சம்பவத்தைச் சொல்லிவரும்போதுதான் இந்த வாக்கியம் வருகிறது. சுயத்துக்குச் செத்த மனிதர் வாயடைத்துப் போனவராக அங்கே இல்லை. தமக்கு நேரிடக்கூடிய அவப்பெயரைப் பற்றிய கவலைதான் அவருக்குள் செத்திருந்தது.

உங்கள் கணவர் மதிக்கிற முல்லரையே எடுத்துக்கொள்வோம். 1830ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டெயின்மத் என்ற ஊரில், ஒரு சிறிய சபையின் போதகராக இருந்தபோது, ஆண்டுக்கு 55 பவுண்டாக இருந்த தம் சம்பளத்தை அவர் விட்டார். அந்தப் பணம் ஆலய இருக்கைகளுக்கு வசூலித்த வாடகையிலிருந்து வந்தது. பணமுள்ளவனுக்கு நல்ல இடமும் ஏழைக்கு ஓரமும் என்ற அந்த ஏற்பாடு, யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்துக்கு முரணானது என்று அவருடைய மனச்சாட்சி உறுத்தியது. அப்போது அவருக்குத் திருமணமாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. மனைவி மேரியும் அவரும் சேர்ந்தே அந்த முடிவுக்கு வந்தார்கள். காணிக்கைக்காக ஆலயத்தில் ஒரு பெட்டி வைக்கப்பட்டது. வாரந்தோறும் அதைத் திறக்க வேண்டியவர்கள் மறந்தோ கூச்சப்பட்டோ வாரக்கணக்கில் திறக்காமல் விட்டபோதும், வீட்டில் காசில்லாத நாட்களிலும், திறந்து பாருங்கள் என்று அவர் நினைவூட்டவில்லை. அதே மனிதர், ஒருவனுக்கும் ஒன்றிலும் கடன்படாதிருங்கள் என்ற ரோமர் 13:8ஐ எழுத்தின்படியே எடுத்துக்கொண்டு, கடனுக்கு எதையும் வாங்குவதில்லை என்று இருந்தார். பிரிஸ்டலில் அநாதை இல்லங்களை நடத்திய காலத்தில் வரவு செலவை அறிக்கையாக அச்சிட்டு வெளியிட்டும் வந்தார். கடனைத் தீர்க்காமல், மனைவியின் சம்மதமும் இல்லாமல் தொடங்கப்படும் ஊழியத்துக்கு அவருடைய பெயரைச் சான்றாகக் காட்ட முடியாது.

மேரியின் சகோதரர் அந்தோனி நோரிஸ் குரோவ்ஸும் விசுவாசத்தினால் வாழ்ந்தவர்தான். அவர் நம் பக்கத்துச் சித்தூருக்கு வந்து, ஊழியர்கள் தங்கள் கையால் உழைத்துச் சாப்பிட வேண்டும் என்று பண்ணை நடத்தினார். பவுல் கொரிந்துவில் கூடாரம் பண்ணிப் பிழைத்ததை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. மாதச் சம்பளம் வாங்குகிறவன் விசுவாசத்தில் ஒரு படி கீழே நிற்கிறான் என்ற எண்ணம் நம் சபைகளில் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, வேதத்திலிருந்து வரவில்லை. தன் வீட்டாரை விசாரியாதவன் “விசுவாசத்தை மறுதலித்தவனும், அவிசுவாசியிலும் கெட்டவனுமாயிருப்பான்” என்று தீமோத்தேயுவுக்கு எழுதியதும் இதே பவுல்தான்.

வேலையை ராஜினாமா செய்வதால் சுயம் செத்துவிடாது. ஊழியத்துக்குத் தம் பெயரையே சூட்டி, சுவரொட்டியில் தம் படத்தை ஆளுயரத்துக்குப் போட்டுக்கொள்கிற அளவுக்கு அது மேடையிலும் செழிப்பாக வளரக்கூடியது. மாறாக, ஒரு கணக்கருடைய மேசையில் அது சாக வேண்டிய சந்தர்ப்பங்கள் ஏராளம்: பொய்யான பற்றுச்சீட்டைப் பதியச் சொல்லும்போது மறுப்பது, பதவி உயர்வு இளையவருக்குப் போனபின் அவருக்கே வேலை கற்றுக்கொடுப்பது, தன் பிழைக்குத் தானே பொறுப்பேற்பது. கலாத்தியர் 2:20 சொல்கிற “மாம்சத்தில் பிழைத்திருக்கிற” வாழ்க்கை இந்த மேசையையும் உள்ளடக்கியதுதான். உங்கள் கணவருக்கு வந்திருப்பது மெய்யான அழைப்பாகவும் இருக்கலாம். அப்படியானால் கடன் அடையும்வரை காத்திருப்பதால் அது கெட்டுப்போகாது.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் பயத்தில் பிள்ளைகளின் படிப்பும் வீடும் பற்றியது எவ்வளவு, உறவினர்கள் என்ன பேசுவார்களோ என்பது எவ்வளவு? முதலாவது உங்கள் பொறுப்பு. அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். இரண்டாவதை நீங்கள் ஜெபத்தில் ஆண்டவரிடம் ஒப்புவிக்கலாம். அந்த ஊழியருக்கு அதைப் பற்றிப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

இந்த வாரமே, பிள்ளைகள் தூங்கிய பிறகு, கடன் புத்தகத்தையும் கல்விச் செலவையும் எடுத்துக்கொண்டு இருவரும் உட்காருங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். லூக்கா 14ஐ இருவருமாக வாசித்துவிட்டுத் தொடங்குங்கள். மாலையிலும் விடுமுறையிலும் செய்யக்கூடிய ஊழியத்தை ஓராண்டு செய்து பார்க்கலாமே என்று கேளுங்கள். உங்கள் குடும்பத்தைப் பல ஆண்டுகளாக அறிந்த போதகரையும் அவருடைய மனைவியையும் அழைத்து அவர்கள் முன்னிலையில் பேசுவது நல்லது. ஒருநாள் வந்துபோன ஊழியரை இதில் மறுபடி சேர்க்க வேண்டாம். ஒலிபெருக்கியை வாடகைக்கும் எடுக்கலாம். வைப்பு நிதி விண்ணப்பத்தில் மட்டும் அந்தப் பேச்சு முடியும்வரை அவர் கையெழுத்துப் போடாதிருக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.