கதிர்வீச்சை விடுங்கள், கேம்ப்பைப் பற்றிக் கேளுங்கள்

வணக்கம் அம்மா.

"யுரேனியம்னா கேன்சர் வராதா சார்? நாளைக்குக் கல்யாணம், குழந்தைன்னு இருக்கே" என்று போனில் கேட்டீர்கள். ஜியாலஜி கடைசி வருடம் படிக்கும் பெண் திடீரென்று யுரேனியம் தேடப் போகிறேன் என்றால் எந்த அம்மாவுக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

அவள் கையில் எடுக்கப்போவது அணு உலை எரிபொருள் இல்லை, கல். ஜார்க்கண்டில் உள்ள ஜாதுகுடா நம் நாட்டின் முதல் யுரேனியச் சுரங்கம். அங்கே வெட்டும் தாதுவிலேயே யுரேனியம் 0.1 சதவீதத்துக்கும் கீழே. ஒரு கிலோ கல்லில் ஒரு கிராம்கூடத் தேறாது. முதற்கட்டத் தேடலில் அவள் மிதிக்கும் பெரும்பாலான பாறைகளில் அதுவும் இருக்காது. யுரேனியத்திலிருந்து உண்டாகி சுரங்கத்துக்குள் தேங்கும் ரேடான் என்ற கதிர்வீச்சு வாயு கவனிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் இவள் வேலை வெட்டவெளியில். இன்னொன்று, நீங்கள் நாகர்கோவில்காரர். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதற்குள் தோரியம், அதுவும் கதிர்வீச்சு விடுவதுதான். கதிர்வீச்சை அளக்க அவள் தூக்கிக்கொண்டு போகும் கருவியை அந்த மணலில் வைத்தால், பல மலைகளில் காட்டுவதைவிட அதிகமாகவே காட்டும்.

இந்த வேலையைச் செய்வது ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அணுக் கனிமங்கள் இயக்குநரகம், சுருக்கமாக ஏ.எம்.டி. என்னிடம் ஆலோசனைக்கு வந்து அங்கே சேர்ந்த ஒரு பையன் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். வெயில் ஏறும் முன் கிளம்புவார்கள். சுத்தியல், காம்பஸ், வரைபடம், தோளில் சின்டிலோமீட்டர், அதாவது நான் சொன்ன அந்தக் கருவி. ஓடையைப் பிடித்து மேலே ஏறி, பாறை தலைகாட்டும் இடமெல்லாம் கருவியை வைத்து எண்ணைக் குறிப்பார்கள். வழக்கமான எண்ணைவிட இரண்டு மூன்று மடங்கு ஏறினால் அங்கே நிற்பார்கள். அதிலும் ஏமாற்றம் உண்டு: கிரானைட்டில் பொட்டாசியமும் தோரியமும் இருந்தாலே எண் ஏறும், எது எதிலிருந்து வரும் கதிர் என்று ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவியில் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். நேர்மாறாகவும் நடக்கும். ஆக்சிஜன் கலந்த தண்ணீரில் யுரேனியம் கரைந்து ஓடிவிடும். மேலே ஒன்றும் காட்டாத பாறைக்கு அடியில் தாது இருக்கலாம். அதனால் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக்கூடப் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். துளை போடுவதெல்லாம் அப்புறம். ஆந்திராவில் கடப்பா பக்கம் உள்ள தும்மலப்பள்ளி யுரேனியச் சுரங்கம் மாதிரி ஒன்று அமைவது அபூர்வம். தேடிய இடங்களில் பெரும்பாலானவை சுரங்கமாவதில்லை.

உங்கள் மகளிடம் தனியாகக் கேட்டேன்: "சீசன் முழுக்க நடந்துட்டு, கடைசியில இங்க ஒண்ணுமில்லைன்னு ரிப்போர்ட் எழுதணும்னா?" கொஞ்சம் யோசித்தாள். "அந்த இடத்தை மேப்புல அடிச்சிடலாமே சார்" என்றாள். எனக்கு அது போதும்.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறு. மழை முடிந்ததும் கேம்ப் தொடங்கினால் கோடை வரை பல மாதங்கள் வெளியே. சிக்னல் இருக்காது, கழிப்பறை வசதி இடத்துக்கு இடம் மாறும், காட்டுப் பகுதிகளில் மலேரியா உண்டு. ஊர்க்காரர்கள் வந்து கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். 2019-ல் நல்லமலா காட்டில் யுரேனியம் எடுக்கக் கூடாது என்று தெலங்கானா சட்டமன்றமே தீர்மானம் போட்டது. தெலுங்கிலோ இந்தியிலோ நிதானமாகப் பதில் சொல்லத் தெரிய வேண்டும். நாலு வார்த்தை இந்தி இப்போதே பழகட்டும். வருகிற மாப்பிள்ளை வீட்டாரிடமும் இந்த மாதங்களை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வழி இதுதான். முதலில் எம்.எஸ்சி. ஜேம் என்ற நுழைவுத்தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி., இல்லையென்றால் சென்னை மாநிலக் கல்லூரியோ திருச்சி தேசியக் கல்லூரியோ எனக்குச் சம்மதமே. பிறகு கேட் தேர்வு மதிப்பெண்ணோடு, ஏ.எம்.டி.க்குப் போகும் வழியான பாபா அணு ஆராய்ச்சி மையப் பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பம். ஒரு வருடப் பயிற்சி, உதவித்தொகையோடு. யுரேனியத் தேடலுக்கு இங்கே வேலை கொடுப்பவர் கிட்டத்தட்ட ஒருவர்தான் என்பதால் அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. யு.பி.எஸ்.சி. நடத்தும் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வையும் சேர்த்தே எழுதட்டும். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கும் நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதுதான் வாசல், பாடமும் பெரும்பாலும் ஒன்றே. வயது வரம்பு இறுக்கம், நடுவில் ஒரு வருடம் சும்மா இருத்திவிடாதீர்கள். கெமிஸ்ட்ரியில் அவள் மதிப்பெண் சுமார். யுரேனியம் எங்கே கரையும், எங்கே படியும் என்பதே கெமிஸ்ட்ரிதான். அதை மட்டும் நான் கண்டித்துச் சொல்வேன்.

சனிக்கிழமை அவளோடு வாருங்கள். காலேஜ் ஃபீல்டு ட்ரிப்பில் எழுதிய நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.