கூடாரத்தை ஒளித்துப் போடவேண்டுமா?

வணக்கம் சார்,

வரும் ஜூனில் துருக்கியில் டிராப்சோனிலிருந்து எர்சுரும் வரை தனியாகச் சைக்கிளில் போகப்போகிறேன். இரவில் மலையிலேயே கூடாரம் போட்டுப் படுக்க எண்ணம். யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து, இருட்டிய பிறகு போடு என்கிறார்கள் நண்பர்கள். அங்குள்ள ஆட்டு நாய்களைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. நீங்கள் அந்தப் பக்கம் ஓட்டியவர். என்ன சொல்கிறீர்கள்?

– ர., திருப்பூர்

அன்புள்ள ர.,

நானும் முதல் இரண்டு நாள் ஒளிந்துதான் படுத்தேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் ஜிப்பைத் திறந்தால், எதிரே பாறைமேல் ஓர் ஆட்டுக்காரர். நான் வந்ததை முந்தின சாயங்காலமே மேலிருந்து பார்த்துவிட்டாராம். ராத்திரி முழுக்க நாய்களை இந்தப் பக்கம் விடாமல் பிடித்து வைத்திருந்திருக்கிறார். மரமில்லாத மலையில் சிவப்புக் கூடாரத்தை ஒளிக்கப் பார்த்த என் புத்தியை என்ன சொல்ல!

நாய்க்குத் தெரியும் முன் நாயின் சொந்தக்காரருக்குத் தெரியவேண்டும். அவ்வளவுதான் விஷயம். வெளிச்சம் இருக்கும்போதே ஊருக்குள் போய் டீக்கடையில் உட்காருங்கள். வயதில் மூத்தவரை ‘ஆபி’ என்று கூப்பிடலாம், நம் அண்ணன்தான். ‘சாதிர், ஓலூர் மூ?’ என்று கேட்டால் கூடாரம் போடலாமா என்று புரிந்துகொள்வார்கள். இடுப்பு சிறுத்த கண்ணாடித் தம்ளரில் பாலில்லாத டீ வரும், வந்துகொண்டே இருக்கும். போதுமென்றால் கரண்டியைத் தம்ளர் வாய்மேல் குறுக்கே வையுங்கள்.

அப்புறம் நாய். கங்கால் என்ற அந்த மந்தைக் காவல் நாய் துரத்துவது உங்களைத் தின்ன இல்லை, மந்தையிலிருந்து விலக்க. கழுத்தில் முள் பட்டை பார்த்தால் பயம் வரும். அது ஓநாய் குரல்வளையைக் கவ்வாமல் இருக்கப் போட்டது. பெடலை மிதித்துத் தப்பிக்க நினைக்காதீர்கள். இருபது கிலோ மூட்டையோடு ஏற்றத்தில் அது நடக்கவும் நடக்காது. இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து, மெதுவாகப் பேசிக்கொண்டே தள்ளிக்கொண்டு நடங்கள். நான் தமிழில் திட்டிக்கொண்டே நடந்தேன். மந்தையின் எல்லையைத் தாண்டியதும் அதுவே நின்றுவிட்டது.

தண்ணீருக்குக் கவலையில்லை. ரோட்டோரம் கல்லில் கட்டிய ‘செஷ்மே’ என்ற நீரூற்றுகள் உண்டு. பல, இறந்தவர் நினைவாகக் குடும்பத்தார் கட்டியவை. பெயரும், அவருக்காக குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா ஓதச் சொல்லும் வரியும் செதுக்கியிருக்கும். ‘இச்சில்மெஸ்’ என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள். எந்த நீரூற்றின் பக்கத்திலேயும் கூடாரம் போடவும் வேண்டாம். விடிந்தால் மந்தை தண்ணீருக்கு வந்துவிடும், நாயோடு. தண்ணீர் பிடித்துக்கொண்டு இருநூறு மீட்டராவது தள்ளிப் போங்கள்.

வழி பற்றி ஒன்று. வழியில் வரும் ஸிகானா மலையில் 2023ல் பதினான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளமான புதுச் சுரங்கப்பாதை திறந்துவிட்டார்கள். லாரியெல்லாம் அதற்குள் போகட்டும், நீங்கள் பழைய மலைப்பாதையில் ஏறுங்கள். வடக்குச் சரிவில் மூடுபனியும் ஊசியிலைக் காடும் சொட்டச் சொட்ட நனைக்கும். கணவாயைத் தாண்டினால் மழைமறைவு, போகப் போக வறண்ட மலைதான். ஈரக் கூடாரத்தை அங்கே காயப் போட்டுக்கொள்ளலாம்.

பைபுர்ட் ஊரைத் தாண்டினால் கோப் கணவாய், 2400 மீட்டர் உயரம். ஜூன்தானே என்று மெல்லிய தூக்கப்பையோடு போகாதீர்கள். ரொட்டியை பைபுர்ட்டிலேயே வாங்கிவிடுங்கள். ஏற்றத்தில் கடையை நம்பாதீர்கள்.