முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டால் அது பக்கவாதம்தானா?

கண்ணாடி முன்னால் நின்றுகொண்டுதான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் போனை வைத்துவிட்டு டாக்டரிடம் கிளம்புங்கள். கை கால் தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ உடனே 108. நான் டாக்டர் இல்லை, பட்டவன், அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதக் காலை, வாய் கொப்பளித்தால் தண்ணீர் இடது கடைவாய் வழியாகப் பனியனில் பீய்ச்சி அடித்தது. சரி, தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன். இட்லி கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது, விரலை விட்டுத்தான் எடுத்தேன். குக்கர் விசில் அந்தக் காதில் மட்டும் இடியாக விழுந்தது. மகளைப் 'பாப்பா' என்று கூப்பிட்டால் 'ஃபாஃபா' என்று காற்றுதான் வந்தது. "பஸ்ல ஜன்னலோரம் உக்காந்திருப்ப, காத்து பட்டிருக்கும், ஒத்தடம் கொடு" என்றார் பெரியப்பா. அதைக் கேட்டு ஒரு நாளை வீணாக்கினேன்.

மறுநாள் டாக்டர் புருவத்தைத் தூக்கச் சொன்னார். வலது நெற்றியில் கோடு விழுந்தது, இடது பக்கம் இஸ்திரி போட்டது மாதிரி கிடந்தது. அதைப் பார்த்து அவர் முகம் தெளிந்ததில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் விளக்கினார். நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பக்கமிருந்தும் கட்டளை வருமாம், அதனால் பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி தப்பிவிடும். நெற்றியும் சேர்ந்து படுத்தால் கோளாறு ஏழாவது நரம்பில், அதாவது முக நரம்பில். காதை ஒட்டி எலும்புக்குள் ஒரு குறுகலான பாதையில் வருகிற நரம்பு, வீங்கினால் நசுங்கத்தான் செய்யும். பெல்ஸ் பால்சி என்று பெயர். கண்ணை மூட, உதட்டைக் குவிக்க, கன்னத்தை இறுக்க, காதுக்குள் சத்தத்தை அடக்கும் குட்டித் தசைக்குக்கூட அதே நரம்புதான். மெல்லுவதற்கு வேறு நரம்பு, அதனால்தான் இட்லியை மெல்ல முடிந்தது, ஒதுக்க முடியவில்லை.

இதை வைத்து வீட்டிலேயே முடிவு கட்டச் சொல்லவில்லை, படித்தவர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நரம்பு வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால்தான் ஓடச் சொல்கிறேன். கண் மூடாததால் பகலில் சொட்டு மருந்து, ராத்திரி இமைக்கு டேப்.

  

பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும், எனக்கு ஆறேழு மாதம் ஆனது. நரம்பு திரும்ப வளரும்போது இழைகள் இடம் மாறிவிட்டதாம், காபியை உறிஞ்சினால் இடது கண் தானாகச் சுருங்குகிறது. யாரைப் பார்த்துக் கண்ணடிக்கிறாய் என்கிறாள் மனைவி.