வீனஸ் பூச்சிப்பொறிச் செடி வாங்கி இரண்டு மாதம் ஆகிறது, பொறிகள் கறுத்துப்போகின்றன. எப்படிக் காப்பாற்றுவது?

என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? சென்னை, மொட்டை மாடி, தினமும் இரண்டு வேளை தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை. போர்த் தண்ணீர் என்றால் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

என் முதல் செடி அப்படித்தான் போனது. வாங்கி வந்த அன்றே அந்தச் சின்னத் தொட்டி போதாதென்று செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்து பெரிய மண் தொட்டியில் மாற்றி வைத்தேன். செம்பருத்திக்கு எதெல்லாம் நல்லதோ அதெல்லாம் செய்தேன். ஒன்றரை மாதத்தில் நடுக்குருத்து வரை கறுத்துவிட்டது. உரம் வைக்கக்கூடாது என்று விற்றவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்தச் செடியின் சொந்த ஊர் அமெரிக்காவில் வட கரோலினா, தென் கரோலினா மாநிலங்களின் கடலோரச் சமவெளி. உலகத்தில் வேறெங்கும் இது இயற்கையாகத் தோன்றவில்லை. மணலும் மட்கிய பாசியும் கலந்த சதுப்பு அது. ஈரத்துக்குக் குறைவில்லை, தழைச்சத்துதான் இல்லை. அந்தச் சத்துக்காகத்தான் பூச்சி பிடிக்கிறது. அப்படிப்பட்ட மண்ணிலேயே வளர்ந்த வேர், உப்பையும் உரத்தையும் தாங்காது.

ஆகவே மழைத் தண்ணீர்தான் முதல் மருந்து. வடகிழக்குப் பருவமழையில் நான்கைந்து கேன்கள் பிடித்து மூடி, நிழலில் வைத்துக்கொள்கிறேன். அது தீர்ந்தால் காய்ச்சி வடித்த நீர், அல்லது ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். ஆர்ஓ தண்ணீரை மட்டும் அளந்து பார்க்காமல் ஊற்றாதீர்கள். சில இயந்திரங்கள் ருசிக்காகத் தாது உப்பைத் திரும்பச் சேர்க்கின்றன. டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, பார்க்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கிவிடுங்கள், 50 பிபிஎம்முக்குள் இருந்தால் கவலை இல்லை. மேலே ஊற்றவும் வேண்டாம். ஒரு தட்டில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, அதில் தொட்டியை உட்கார வையுங்கள்.

மண்ணென்று எதுவும் வேண்டாம். உரம் கலக்காத பீட் மாஸ் (சதுப்பில் மட்கிய பாசி) ஒரு பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல் துணுக்கு) ஒரு பங்கு. நம் ஊரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று தேங்காய் நார்க்கழிவைப் போடத் தோன்றும். அதில் உப்பு இருக்கும், பல தடவை அலசினாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. தொட்டி பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். மண் தொட்டி தன்னிடமுள்ள தாதுக்களை மெல்ல மெல்ல உள்ளே விடும்.

ஒன்றிரண்டு பொறி கறுப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு பொறி சில தடவைதான் வேலை செய்யும், அப்புறம் தானே கறுத்து உதிரும். நடுக்குருத்து பச்சையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விரலை விட்டு மூட வைத்து விளையாடாதீர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய முடிகளை இருபது வினாடிக்குள் இரண்டு முறை தொட்டால்தான் பொறி மூடும், வீணாக மூடாமல் இருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லி வையுங்கள். வெயில் தினமும் நான்கைந்து மணி நேரமாவது வேண்டும், மே மாத உச்சி வெயிலில் மட்டும் நிழல்வலை.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் சென்னையில் ஒரு தடை இருக்கிறது. இதற்குக் குளிர்காலத்தில் மூன்று மாத உறக்கம் வேண்டும், பத்து டிகிரிக்குக் கீழான குளிரில். அது கிடைக்காவிட்டால் செடி வருடா வருடம் மெலிந்துகொண்டே போகும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்களுக்கு அந்தக் கஷ்டம் குறைவு. ஈரப் பாசியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவர்களும் உண்டு. என் இரண்டாவது செடியை அப்படித்தான் வைத்தேன், பூஞ்சை பிடித்துவிட்டது.

அதற்குப் பிறகு டிரோசெரா பர்மானிக்கு மாறினேன். ஒட்டும் துளிகளால் பூச்சி பிடிக்கும் பனித்துளிச் செடி வகை இது. நம் நாட்டுச் செடி, குளிர் உறக்கம் கேட்பதில்லை. இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலம்தான், ஆனால் எறும்பு பட்டால் ஓர இழைகள் சில வினாடிகளில் உள்ளே மடங்குவதைப் பார்க்கலாம். தண்ணீரும் தொட்டியும் மேலே சொன்னபடியே. பூச்சி தேடிக் கொடுக்க வேண்டியதில்லை, மாடியில் வருவதே போதும். ஆனால் பூச்சி கிடைப்பதால் பலன் உண்டு. டார்வினின் மகன் பிரான்சிஸ் 1878-இல் வெளியிட்ட சோதனையில், இறைச்சித் துணுக்கு ஊட்டிய டிரோசெராக்கள் ஊட்டாதவற்றைவிட அதிகம் விதை தந்தன.

என் டிரோசெராக்கள் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் காய்ந்துவிடுகின்றன. அதனால் விதைக்காகப் பூந்தண்டை நறுக்காமல் விடுகிறேன். மிளகில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத கறுப்பு விதைகள், ஈரமான பீட் மேல் தூவினால் போதும், மூடக்கூடாது. இப்போது பக்கத்துத் தொட்டிகளிலும் தானாக முளைத்து நிற்கின்றன.