மூக்குத்தி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு 9 வயது. சென்ற ஆண்டு மைனஸ் 1.5 என்றிருந்த கண்ணாடியின் பவர் இந்த ஆண்டு 2.25 ஆகிவிட்டது. நான்தான் செல்பேசியைக் கொடுத்துக் கெடுத்தேன் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். மூன்று மாதமாக அவனை அதைத் தொடவிடுவதில்லை. பள்ளி விட்டதும் அபாகஸ், பிறகு டியூஷன். வெளியே விட்டால் கறுத்துப் போகிறான், படிப்பும் கெடுகிறது. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா? 5 வயது மகளுக்கும் இது வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.,

நீல ஒளிக் கண்ணாடி வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கணினியால் வரும் கண் அயர்ச்சியைக்கூட அது குறைப்பதாகத் தெரியவில்லை.

வீட்டார் உங்கள்மீது சுமத்தும் பழியை இறக்கி வையுங்கள். 1867இல் ஹெர்மன் கோன் என்ற கண் மருத்துவர் இன்று போலந்தில் இருக்கும் பிரெஸ்லாவ் வட்டாரத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து, வகுப்பு ஏற ஏறக் கிட்டப்பார்வையும் (உங்கள் மகனுக்கு வந்திருப்பது, தூரத்தில் இருப்பது மங்கும் குறை) ஏறுவதைக் கண்டார். அந்தப் பிள்ளைகளுக்கு எந்தத் தாய் செல்பேசி கொடுத்தாள்?

எனக்கும் யாரும் கொடுக்கவில்லை. சிறுவயதில் டைபாய்டில் பிழைத்தவன் என்பதால் அம்மா என்னை வெயிலில் இறங்கவே விடமாட்டாள். மற்ற பையன்கள் குளத்தங்கரையில் கிடந்த நேரமெல்லாம் நான் ரேழியின் அரையிருட்டில் கையில் கிடைத்ததைப் படித்துக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் தப்புச் செய்து நிறைய அடி வாங்கினேன். எழுத்து தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லோருக்கும் அது அப்படித்தான் தெரியும் என்றல்லவா நினைத்திருந்தேன்! கண்ணாடி போட்ட வாரம் அம்மா கோயிலுக்குக் கூட்டிப்போனாள். அதுவரை கருவறை என்றால் மஞ்சளாகக் கலங்கிய ஒரு வெளிச்சம், அதுதான் தெய்வம் என்றிருந்தவனுக்கு அன்று தீபாராதனையில் அம்மனின் முகம் தெரிந்தது, மூக்கு தெரிந்தது, கற்பூரத்தட்டு ஏறி இறங்கும்போதெல்லாம் மூக்குத்தி ஒரு கணம் சிவந்து மறுகணம் பச்சையாக மின்னியது தெரிந்தது. அசையாமல் நின்றேன். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து அம்மா கண் கலங்கினாள்.

அந்த ரேழியைப் பற்றித்தான் சில நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன்; உங்கள் கடிதத்தில் அது டியூஷன் அறையாக வந்து நிற்கிறது. 2008இல் வெளியான ஓர் ஆய்வு, சீன வம்சாவளியைச் சேர்ந்த 6, 7 வயதுப் பிள்ளைகளைச் சிங்கப்பூரிலும் சிட்னியிலும் ஒப்பிட்டது. கிட்டப்பார்வை சிங்கப்பூரில் 29 சதவீதம், சிட்னியில் 3.3 சதவீதம். சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்குப் படித்த புத்தகங்கள் சிங்கப்பூர்ப் பிள்ளைகளைவிட அதிகம் என்பதைக் கவனியுங்கள். ஆனால் அவர்கள் வாரத்தில் ஏறத்தாழ 14 மணி நேரம் வெளியில் இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகளோ 3 மணி நேரம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள்; வீட்டுக்குள் விளக்கு வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். பகலில் மர நிழலில்கூடப் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். அந்த வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது, அது கண்கோளம் அளவுக்கு மீறி நீண்டு வளர்வதை, அதாவது கிட்டப்பார்வை வருவதைத் தடுக்கிறது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். சீனாவின் குவாங்சோ நகரில் பள்ளிப் பிள்ளைகளை நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்றாண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அவர்களில் 30.4 சதவீதம், வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதம்.

செல்பேசிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. முகத்தோடு ஒட்டவைத்துப் பார்ப்பதும், இமைக்க மறப்பதும், தூக்கம் போவதும் கெடுதல்தான். ஆனால் அது பறித்த மாலைப்பொழுதை மீட்டு நீங்கள் பையனிடமா கொடுத்தீர்கள்? அபாகஸிடம் கொடுத்துவிட்டீர்கள். திரையிலிருந்து நிமிர்ந்த தலையை ஒரு ட்யூப்லைட்டின் அடியில் மணிச்சட்டத்தை நோக்கிக் குனியவைத்துவிட்டு, மூன்று மாதமாகத் தொடவிடவில்லை என்று எனக்கு எழுதுகிறீர்கள். போதாததற்குக் கறுத்துவிடுவானாம். கோபப்படாதீர்கள், படித்தபோது எனக்குக் கோபம் வந்தது.

உங்கள் மகனுக்கு ஏற்கெனவே வந்துவிட்டதால், வெயில் மட்டும் பவர் ஏறுவதை நிறுத்திவிடும் என்று நம்பிவிடாதீர்கள். வந்த பிறகு அதன் பலன் குறைவு. இதற்கென்று சொட்டு மருந்து உண்டு, கண் மருத்துவரைக் கேளுங்கள். எனக்குக் கவலை, நீங்கள் கடைசி வரியில் ஒதுக்கிவிட்ட அந்த ஐந்து வயதுக்காரியைப் பற்றித்தான். அவளை இன்னும் காப்பாற்றலாம். தைவான் பள்ளிகளில் 2010 முதல் நாளுக்கு 120 நிமிடம் வெளியில் என்று வைத்திருக்கிறார்கள். டியூஷனை இருட்டிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விட்டதிலிருந்து பொழுது சாயும்வரை இரண்டு பேரும் தெருவில் இருக்கட்டும். உச்சி வெயில் வேண்டாம், மர நிழலே போதும்.

கறுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. டைபாய்டுக்குப் பிறகு பதினைந்து வயதுவரை வெயிலே படாமல் வளர்ந்தவன் நான். என் படம் இந்தத் தளத்திலேயே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.