ஒரு மணி நேரத்தில் பெங்களூரு?

கேள்வி: எனக்கு வயது 68. மகன் பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் இருக்கிறான். பேரப்பிள்ளைகளைப் பார்க்க அடிக்கடி ரயிலில் போய்வருகிறேன். "ஒரு மணி நேரத்தில் பறந்து வந்துவிடலாம். டிக்கெட் நான் எடுத்துத் தருகிறேன், இனிமேல் ரயில் வேண்டாம்" என்று மகன் பிடிவாதம் பிடிக்கிறான். ரயிலா, விமானமா? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.
— வாசகி, புரசைவாக்கம், சென்னை

பதில்: ரயிலிலேயே போங்கள், அம்மா. மகன் பாசத்தில் சொல்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் போடும் கணக்கு தவறு.

விமானம் வானத்தில் இருக்கும் நேரம்தான் அந்த ஒரு மணி. நீங்கள் புரசைவாக்கத்தில் வீட்டைப் பூட்டியதிலிருந்து ஒயிட்ஃபீல்டில் பேரன் கதவைத் திறக்கும் வரை எவ்வளவு நேரம் என்பதை அல்லவா பார்க்க வேண்டும்? மீனம்பாக்கம் விமான நிலையம் போய்ச்சேர முக்கால் மணி. விமானம் புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போதே பெட்டி வாங்கும் கவுண்டரை மூடிவிடுவார்கள் என்பதால், இரண்டு மணி நேரம் முன்னதாகவே அங்கே இருக்க வேண்டும். இறங்கிய பிறகு பெட்டிக்காக அரை மணி. பெங்களூரு விமான நிலையம் 2008இல் தேவனஹள்ளிக்குப் போய்விட்டது. அங்கிருந்து ஒயிட்ஃபீல்டு சுமார் 40 கிலோமீட்டர். அந்த ஊர்ப் போக்குவரத்து நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஆனாலும் வியப்பில்லை. எல்லாவற்றையும் கூட்டினால் ஆறு மணி நேரத்தை நெருங்குகிறது.

ரயிலுக்கு வருவோம். சென்ட்ரல் உங்களுக்குக் கூப்பிடு தூரம். பிருந்தாவன், லால்பாக் எக்ஸ்பிரஸ் ரயில்கள் இரண்டுமே, ஒயிட்ஃபீல்டு பக்கம் இருக்கும் கிருஷ்ணராஜபுரத்தில் நிற்கின்றன. அதுவரை ஐந்து மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும். பெங்களூரு சிட்டி வரை போய்த் திரும்பி வர வேண்டிய அவசியமே இல்லை. கிருஷ்ணராஜபுரம் ரயில் நிலையத்தின் அருகிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. 2023 அக்டோபரிலிருந்து ஒயிட்ஃபீல்டு பாதை முழுவதுமாக ஓடுகிறது. ஆக, இரண்டு வழிகளுக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது.

அந்த ஆறு மணி நேரத்தை உடம்பு எப்படிக் கழிக்கிறது என்பதுதான் 68 வயதில் முக்கியம். விமானப் பயணத்தில் அது துண்டு துண்டாகப் போய்விடுகிறது: அடையாள அட்டைக்கு ஒரு வரிசை, பாதுகாப்புச் சோதனைக்கு ஒரு வரிசை, ஏறும் வாசலில் காத்திருப்பு, சில நாட்களில் விமானத்தின் அருகே கொண்டுவிட ஒரு பஸ், பிறகு படிக்கட்டு. ரயிலில் ஒருமுறை உட்கார்ந்தால் கிருஷ்ணராஜபுரத்தில் எழுந்தால் போதும். இடையில் தூங்கலாம், படிக்கலாம், கால் மரத்துப்போனால் நடக்கலாம்.

நீங்கள் போவது சாதாரணப் பாதையும் அல்ல. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடியது. 1864இல் இருப்புப்பாதை பெங்களூரு கண்டோன்மென்டைத் தொட்டது. காட்பாடி தாண்டியதும் பாலாற்றுப் பள்ளத்தாக்கு கூடவே வரும். வறண்ட அந்த மணலையும், தோல் பதனிடும் ஊர்களையும் நம்மில் எல்லோரும் அவ்வப்போது பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். தண்ணீர்ப் பிரச்சினை பற்றிப் பேசுகிறவர்கள் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

ரயில்வேயிடம் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. நிறைய இருக்கிறது, உங்கள் மகன் கோபப்பட வேண்டியது அங்கேதான். பண்டிகை வாரத்தில் இந்தத் தடத்தில் உறுதியான இருக்கை கிடைப்பது கல்லில் நார் உரிப்பதாக இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத் 2022 நவம்பரில் இதே தடத்தில்தான் வந்தது. 180 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைக்கப்பட்ட அந்த வண்டி, சுமார் 360 கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய நாலரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. சராசரி 80 கிலோமீட்டர்தான்! ஜோலார்பேட்டைக்குப் பிறகு 900 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கும் ஊருக்கு ஏற வேண்டும், வளைவுகள் உண்டு என்பதெல்லாம் உண்மை. பாதையைச் சீர்செய்யாமல் வண்டியை மட்டும் புதிதாக்கினால் இவ்வளவுதான் கிடைக்கும் என்பதும் உண்மை.

ஸ்பெயினில் மாட்ரிட்டுக்கும் பார்சிலோனாவுக்கும் நடுவே 620 கிலோமீட்டர். ஒரு காலத்தில் அந்த வான்வழி ஐரோப்பாவிலேயே மிகவும் நெரிசலான வழிகளில் ஒன்று. 2008இல் அதிவேக ரயில் முழுத் தடத்திலும் ஓடத் தொடங்கி, இரண்டரை மணி நேரத்தில் கொண்டுசேர்த்தது. விமானத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள் பெருமளவில் ரயிலுக்கு மாறினார்கள். யாரும் அவர்களுக்கு உபதேசம் செய்யவில்லை. பிரான்ஸ் 2023இல் ஒரு படி மேலே போய், ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய சில உள்நாட்டுத் தடங்களில் விமானத்தையே நிறுத்திவிட்டது. விமானம் மேலேறும்போதுதான் எரிபொருளைக் கொட்டித் தீர்க்கிறது. குறுகிய தூரப் பயணத்தில் அந்தச் செலவு கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் அதிகம்.

உங்கள் வயதுக்காரர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியையும் சொல்லியாக வேண்டும். 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில், கொரோனா நேரத்தில் நிறுத்தினார்கள். ஊர் உலகம் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியது; அந்தச் சலுகை மட்டும் திரும்பவில்லை. இதைத் தட்டிக் கேட்கப் படித்தவர்களும் வசதியுள்ளவர்களும் ரயிலில் இருக்க வேண்டும். அவர்கள் ஒவ்வொருவராக விமானத்துக்கு மாறிவிட்டால், பொதுப்பெட்டியில் நின்றுகொண்டு போகிறவரின் குரல் யார் காதில் விழும்? உங்கள் மகனைப் போன்றவர்கள் ரயிலைக் கைவிடுவதில் எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான்.

எப்போதும் ரயில்தான் என்று சத்தியம் செய்ய வேண்டாம். நீங்கள் மீனம்பாக்கத்தை ஒட்டிய பல்லாவரத்திலும், மகன் பெங்களூரு விமான நிலையப் பக்கம் இருக்கும் எலகங்காவிலும் இருந்திருந்தால் என் பதில் மாறியிருக்கும். உடம்புக்கு முடியாத அவசரம், தவிர்க்க முடியாத துக்கம் என்றால் யோசிக்காமல் விமானம் ஏறுங்கள். டெல்லிக்குப் போக வேண்டும் என்றாலும் அப்படியே. உங்கள் வயதில் முப்பது மணி நேரத்துக்கும் மேல் ரயிலில் உட்காரச் சொல்ல எனக்கு மனம் வராது.

பெங்களூருக்கு ரயில் போதும். முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது, காலை 8 மணிக்கு. விமான டிக்கெட்டுக்காக எடுத்துவைத்த பணத்தில் மகன் அந்த நேரத்தில் உட்கார்ந்து, பிருந்தாவனில் குளிர்சாதன வகுப்பில் கிருஷ்ணராஜபுரம் வரை ஓர் இருக்கை போட்டுத் தரட்டும். நடைமேடைக்கு வந்து பெட்டியை வாங்கிக்கொள்ளும் பொறுப்பும் அவருடையது.