எல்லாரும் கொண்டாடின படம் ஒண்டு உங்களை ஏமாத்தினதோ? எது, ஏன்?

ரஷ்யன் ஆர்க். 2002ல வந்தது, அலெக்சாண்டர் சொகுரோவ் எடுத்தது, படம் முழுக்க ஒரே ஷொட், ஒரு இடத்திலயும் வெட்டு இல்லை. பாக்கவேணும் பாக்கவேணும் எண்டு கனகாலமா நினைச்சுக்கொண்டிருந்து, போன மாரிக்குள்ள ஒரு இரவு லைட் எல்லாம் நூத்திட்டு ஹெட்போனும் போட்டுக்கொண்டு பாத்தனான். முடியேக்க சரியான ஏமாற்றம்.

நான் யாழ்ப்பாணத்தில கலியாணவீட்டு வீடியோ எடிட் பண்ணுறனான், பதினொரு வருசமாச்சு. அதால வெட்டாமல் ஒரு ஷொட்டைக் கொண்டுபோறது எவ்வளவு கஷ்டம் எண்டு தெரியும். படம் முழுக்க ரஷ்யாவில சென் பீட்டர்ஸ்பேர்க் நகரத்து ஹெர்மிட்டாஜ் மியூசியத்துக்குள்ளதான், அறை அறையா ரஷ்யச் சரித்திரம் வருது. அந்த மியூசியத்தை அவைக்கு ஒரே ஒரு நாள்தான் குடுத்தது, 2001 டிசம்பர் 23. ரெண்டாயிரத்துக்கு மேல ஆக்கள், 33 அறை, மூண்டு ஓர்கெஸ்ட்ரா, மூண்டு தரம் பிழைச்சு நாலாந்தரம்தான் சரிவந்தது. டில்மன் பியூட்னர் எண்ட கமராக்காரர் ஸ்டெடிகாமை, நடந்தாலும் படம் ஆடாமல் கமராவைத் தாங்குற சாமானை, உடம்பில கட்டிக்கொண்டு ஒண்டரை மணித்தியாலம் நடந்திருக்கிறார், அந்த மனிசனைக் கையெடுத்துக் கும்பிடலாம். கடைசியில நடன விருந்து முடிஞ்சு சனம் முழுக்க படியால இறங்கி வாற இடம், அப்பிடி ஒரு வடிவு.

ஆனா இடையில ஒரு அறை வருது. கதையில வாற வெளிநாட்டு மனிசன் ஒரு கதவைத் திறந்துகொண்டு போறார், உள்ள இருட்டு, குளிர், ஓவியம் இல்லாத வெறும் சட்டங்கள், ஒராள் தனக்கெண்டு சவப்பெட்டி செய்துகொண்டு நிக்கிறார். ரெண்டாம் உலக யுத்தத்தில ஜெர்மன்காரர் அந்த ஊரை, அப்ப லெனின்கிராட், 872 நாள் சுத்தி வளைச்சு வச்சிருந்த காலம் அது, லட்சக்கணக்கில பசியால செத்தவை. ஓவியங்களை ரயில்ல ஏத்தி யூரல் பக்கம் அனுப்பிப்போட்டு சட்டங்களைத்தான் அங்க விட்டவை. எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சு. எங்கட லைப்ரரி 1981ல எரியேக்க தொண்ணூறாயிரத்துக்கு மேல புத்தகம் போனது, ஒண்டையும் ஒரு ரயில்லயும் ஏத்தக் கிடைக்கேல்ல. பிறகு யுத்தகாலப் பொருளாதாரத் தடைக்குள்ள அம்மா ஜாம் போத்திலுக்குள்ள துளி மண்ணெண்ணெய் விட்டுக் கொளுத்தின விளக்கிலதான் அக்கா படிச்சவ. அந்த அறையில நான் நிக்கவேணும், அந்தாளின்ர கையை, முகத்தைக் கிட்டப் பாக்கவேணும் போல இருந்தது. கமரா நிக்கேல்ல. அங்கால அறையளில அத்தனை பேர் வேசம் கட்டிக்கொண்டு காத்து நிக்கினம், நிண்டால் எல்லாம் பிழைச்சுப்போம், வெளியால வந்துட்டுது. பிறகு திரும்பிப் போகவும் ஏலாது.

போன ஆவணியில ஒரு கலியாணம். தாலி கட்டேக்க எல்லாக் கமராவும் மாப்பிளையின்ர கையிலதான் நிக்கும், ஆனா எங்கட ரெண்டாவது கமராப் பெடியன் பொம்பிளையின்ர அம்மாவை எடுத்திருந்தான். கெட்டிமேளம் முழங்குது, எல்லாரும் பூவும் அரிசியும் போட்டு முடிஞ்சுது, அவ மட்டும் போட மறந்து அரிசியைக் கைக்குள்ள பொத்தினபடி நிக்கிறா. தாலிமுடிச்சில இருந்து நேர அந்தக் கைக்கு வெட்டினன், நாலு செக்கன்தான். வீடியோ பாத்துட்டு பொம்பிளையின்ர அப்பா போன் எடுத்து அந்த இடத்தைப் பற்றித்தான் கதைச்சவர். ஒரே ஷொட் எண்டால் கமரா மாப்பிளையிட்ட இருந்து அவவிட்ட நடந்து போறதுக்குள்ள அவ அரிசியைப் போட்டிருப்பா.

உனக்கு ரஷ்யச் சரித்திரம் தெரியாது, அதுதான் பிடிக்கேல்ல எண்டு மச்சான் ஒருத்தன் சொன்னவன். அது நியாயம் எண்டு பட்டுது, ஆறுதலா வாசிச்சுப்போட்டு ரெண்டாந்தரமும் பாத்தன். ஆர் எந்த ராசா ராணி எண்டு இந்தமுறை விளங்கிச்சு, முதல் தரத்தை விட நல்லாத்தான் போச்சு. அந்த அறை வரேக்க நான் படத்தை நிப்பாட்டிப்போட்டு அந்தச் சவப்பெட்டியைக் கனநேரம் பாத்துக்கொண்டிருந்தன்.